இறைவனின் இன்றியமையா இருப்பும் பாவத்தின் தண்டனையும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வரலாற்றினூடாக ஒரு நோக்கு

சமய வரலாற்றை எழுதப்புகுவோர் பெரும்பாலும் கோயில்கள் எழுந்ததையும் இடிந்ததையும், குருமார் வந்ததையும் சென்றதையும், பாடசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும் நிரல்படக் கூறி அமைவர். அந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னே நின்று அவற்றை இயக்கிய வாதங்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. ஆயினும் ஒரு கோயிலை இடித்தவனுக்கும், அது இடிந்தமை கண்டு கலங்கியவனுக்கும், பிற்காலத்தில் அதே மண்ணில் நின்று பிரசங்கம் செய்தவனுக்கும், அதற்கு மறுப்பெழுதியவனுக்கும் மனத்தில் நின்ற வினாக்கள் சிலவே. இறைவன் இருக்கின்றான் என்பதை அறிவு ஒப்பும் வகையில் நிறுவ இயலுமா? இயலுமாயின், அவ்விறைவன் பாவஞ் செய்தாரை எவ்வாறு, எதன் பொருட்டு, எத்துணைக் காலம் தண்டிப்பான்? இவ்விரு வினாக்களும் ஐரோப்பியக் கிறித்தவ உலகில் எவ்வாறு விவாதிக்கப்பட்டன என்பதையும், அவ்விவாதங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை வந்தடைந்தபோது ஏற்கெனவே இங்கிருந்த சைவ சித்தாந்தச் சிந்தனையோடு எவ்வாறு எதிர்ப்பட்டன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு வினாக்களின் தொடர்பு

கன்ரபரி அதிமேற்றிராணியாராகப் பின்னர் விளங்கிய அன்செல்ம் என்பார் 1077–1078ஆம் ஆண்டுகளில் 'புரொஸ்லோகியன்' என்னும் சிறு நூலை இயற்றினார். தன்னிலும் பெரிதாக ஒன்றை நினைக்கவே இயலாத பெரும்பொருள் எதுவோ அதுவே கடவுள் என வரையறுத்த அவர், அத்தகைய பொருள் எண்ணத்தில் மட்டும் இருந்து மெய்ம்மையில் இல்லாதொழியுமாயின் அது அப்பெருமையை இழந்துவிடும் என்றும், ஆதலின் கடவுள் இல்லையெனல் கூடாதென்றும் வாதித்தார். அவர் காலத்திலேயே கௌனிலோ என்னும் துறவி இதனை மறுத்தார். நிறைவான ஒரு தீவை எண்ணிய அளவில் அத்தீவு கடலில் உளதாகிவிடுமா என்பது அவர் கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் அன்செல்மின் வழியை ஏற்காது வேறு வழி வகுத்தார். தோன்றி மறையும் பொருள்கள் இருந்தும் இல்லாமலும் போகக்கூடியன. அவை மட்டுமே உளவாயின் இன்று எதுவுமே இராது. ஆகவே இல்லாதிருத்தல் இயலாத ஒன்று அவற்றுக்கு ஆதாரமாக இருத்தல் வேண்டும் என்பது அவர் காட்டிய ஐந்து வழிகளுள் ஒன்று. 1781இல் இம்மானுவேல் கான்ற் தமது 'தூய அறிவின் விமர்சனம்' என்னும் நூலில், இருத்தல் என்பது ஒரு பொருளின் குணங்களுள் ஒன்றன்று எனக் கூறி அன்செல்ம் வழிப்பட்ட வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார்.

இவ்வன்செல்மே தண்டனைக் கோட்பாட்டையும் வகுத்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1098 அளவில் நிறைவுற்ற 'கடவுள் ஏன் மனிதரானார்' என்னும் நூலில், பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்தவேண்டிய மாண்பைச் செலுத்தாது விடுதல் என்றார். கடவுளின் மாண்பு அளவற்றது. ஆகவே அதற்கு இழைத்த குறையும் அளவற்றது. அளவுடைய மனிதனால் அதனை ஈடுசெய்தல் இயலாது. ஈடு அல்லது தண்டனை என்னும் இரண்டில் ஒன்று நிகழ்ந்தே ஆகவேண்டும் என்பது அவர் முடிபு. ஈண்டு இரு வினாக்களும் ஒன்றாகப் பிணைவதைக் காணலாம். இறைவனின் இருப்பு எத்தகையது என்று கூறும் விடையே அவன் தரும் தண்டனை எத்தகையது என்பதையும் தீர்மானிக்கின்றது.

எனினும் கிறித்தவ மரபு முழுவதும் இவ்விடயத்தில் ஒருமுகப்பட்டு நின்றதெனக் கருதுதல் பிழையாகும். மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிஜன், இறைவன் தரும் தண்டனைகள் மருத்துவனின் சிகிச்சை போல்வன என்றும், ஈற்றில் உயிர்கள் யாவும் தம் பழைய நிலைக்கு மீளும் என்றும் எண்ணினார். அகுஸ்தீனார் இதனைக் கடிந்து நித்திய நரகக் கோட்பாட்டை நிலைநாட்டினார். மேற்குத் திருச்சபை அகுஸ்தீனாரையே பின்பற்றியது. ஒரிஜனின் எண்ணமோ அழிந்துவிடாது நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்து காலத்துக்குக் காலம் தலைகாட்டியது.

போர்த்துக்கேயரும் கோணேசர் ஆலயமும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருகோணமலையின் மலைமுனையில் புகழ்பெற்று விளங்கிய கோணேசர் ஆலயம், 1620களின் முற்பாதியில் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் துறைமுகக் கோட்டையைக் கட்டப் பயன்பட்டன. பிற்காலத்தில் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அக்கோட்டையின் வாயிலில் மீன் சின்னத்துடன் கூடிய கல்வெட்டுத் துண்டமொன்று இன்றும் காணப்படுகின்றது. குளக்கோட்டன் அமைத்த திருப்பணியைப் பறங்கியர் பிற்காலத்தில் உடைப்பர் என முன்னரே உரைக்கப்பட்டதாக இப்பகுதி மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் மரபு இக்கல்லோடு இணைத்துப் பேசப்படுகின்றது. அம்மரபின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், நிகழ்ந்த பேரழிவை மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அது சான்றாகும். அழிவு இறைவனை வென்றுவிடவில்லை, அது அவன் அறிந்தே நிகழ்ந்தது என்னும் ஆறுதல் அதிற் பொதிந்துள்ளது.

இடித்தோர் தரப்பிலும் தண்டனை பற்றிய சிந்தனை எழுந்தமையே வியப்புக்குரியது. 1639இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்கனோடு கூடித் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. இலங்கையைப் போர்த்துக்கேயர் ஏன் இழந்தனர் என்னும் வினாவுக்கு விடைகாணவே பெர்னாவோ த குவெய்றோஸ் என்னும் இயேசு சபைக் குரவர் கோவாவிலிருந்து தமது பெருநூலை எழுதி 1687இல் முடித்தார். இழப்புக்குப் படைக்குறைவையும் ஆட்சிப் பிழைகளையும் காரணங்காட்டும் அவர், அவற்றின் அடியில் தம்மவர் இந்நாட்டு மக்களுக்கு இழைத்த அநீதிகளுக்கு இறைவன் அளித்த தண்டனையையே காண்கின்றார். நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு எஸ். ஜி. பெரேரா அடிகளாரால் 1930இல் வெளியிடப்பட்டது. வென்றவன் தன் வெற்றியை இறையருள் என்று கூறுதல் உலக வழக்கு. தோற்றபின் தன் இனத்தின் பாவத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் குவெய்றோஸ் எண்ணிய பாவங்களுள் கோயிலை இடித்த செயல் இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. விக்கிரகத்தை அழித்தல் அவர்கள் நோக்கில் கட்டளையை நிறைவேற்றலேயாம். பாவம் எது என்று வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களே தண்டனை எது என்பதையும் வரையறுத்தனர்.

ஒல்லாந்தர் கொணர்ந்த கோட்பாடு

ஒல்லாந்தரின் சமயம் கல்வின் வழிப்பட்ட சீர்திருத்தச் சமயம். 1618–1619இல் டோர்ட் நகரிற் கூடிய அவர்களது திருச்சபைப் பேரவை, மீட்புக்குரியோரை இறைவன் தன் விருப்பினால் முன்னரே தெரிந்துகொண்டான் என்னும் கொள்கையை உறுதிப்படுத்தியது. அத்திருச்சபை போற்றிய 1563ஆம் ஆண்டின் ஹைடல்பேர்க் வினாவிடை, இறைவனின் நீதி பாவத்துக்கு உடலும் உயிரும் அனுபவிக்கும் நித்திய தண்டனையை வேண்டுகின்றது என்று கற்பித்தது. அன்செல்மின் குரலை இதனுட் கேட்கலாம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகமும் சமூக உரிமைகளும் திருமுழுக்கோடு பிணைக்கப்பட்டிருந்தன. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதிக்கப்பட்டது. கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகளார் (1651–1711) தலைமறைவாகவும் பின்னர் கண்டி மன்னனின் ஆதரவோடும் பணியாற்றினார். அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். ஆகவே இக்காலத்தில் கிறித்தவருக்குள்ளேயே விவாதம் கூர்மையடைந்தது. மனிதனின் நற்செயலுக்கு மீட்பிற் பங்குண்டா, உத்தரிக்கிற ஸ்தலம் என்னும் தற்காலிகத் தண்டனை நிலை உண்டா என்பன அவர்களுக்கிடையே நின்ற பிணக்குகள். கத்தோலிக்கர் உண்டென்றனர், சீர்திருத்தச் சபையினர் இல்லையென்றனர். ஒரே துறைமுகத்தின் கரையில் ஒரு நூற்றாண்டுக்குள் இரு கிறித்தவங்கள் இரு வேறு தண்டனைக் கோட்பாடுகளைப் போதித்தன என்பது கருதத்தக்கது.

கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலேயர்

இவ்விரு தரப்பிலும் சேராத ஒருவரின் வரலாறும் இத்துறைமுகத்தோடு தொடர்புடையது. 1659இன் இறுதியில் மசூலிப்பட்டினத்திற் புயலால் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660இல் அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூர்ப் பகுதியில் ஒரு புளியமரம் அந்நிகழ்ச்சியின் இடமாகக் காட்டப்பட்டு வந்தது. கப்பலுக்குச் செய்தி கொண்டுசெல்ல அனுப்பப்பட்ட மகன், தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி மீண்டுவந்து சிறையை ஏற்றான். தந்தை 1661இல் நோயுற்று இறந்தார்; அவரது உடலை ஒரு சிறுவனின் துணையோடு மகனே அடக்கஞ் செய்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாழ்வின் பின், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து நொக்ஸ் விடுதலை பெற்றார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலை இலங்கை வரலாற்று மாணவர் நன்கறிவர்.

நொக்ஸ் பியூரித்தன் மரபினர். சிறையில் அவரிடம் எஞ்சியிருந்தவை 'பக்திச் சாதனை' முதலிய இரு ஆங்கிலச் சமய நூல்கள். அந்நூல்களின் மரபு, துன்பத்தைத் தந்தை மகனுக்குத் தரும் சிட்சையாகக் கொள்ளக் கற்பித்தது. சில காலத்தின்பின், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது முதியவரொருவர் பெற்றுவைத்திருந்த ஆங்கில விவிலியமொன்று அவர் கைக்கெட்டியது. தாம் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றார். நூலைத் திறந்தபோது கண்ணிற் பட்ட பகுதி, மீட்படைய நான் என் செய்யவேண்டும் என்று சிறைக்காவலன் பவுலைக் கேட்கும் இடம் என அவர் எழுதுகின்றார். சிறைப்பட்டவன் சிறைக்காவலனின் வினாவிலே தன்னைக் கண்டான். இறைவன் உளன் என்பதற்கு அவர் அன்செல்மின் வாதத்தையோ அக்குவினாஸின் வழியையோ நாடவில்லை. தம் வாழ்வின் நிகழ்ச்சிகளையே சான்றாகக் கொண்டார்.

ஆயின் வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. விடுதலை பெற்ற நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற்றலைவரானார். மடகாஸ்கரிலிருந்து செயின்ற் ஹெலினாத் தீவுக்கு அடிமைகளைக் கொண்டு செல்லும் வாணிபத்தில் ஈடுபட்டார். தான் சிறையிருந்த துயரைப் பாவத்துக்குரிய சிட்சையாக எண்ணக் கற்பித்த மரபு, பிறரைச் சிறைப்படுத்தல் பாவம் என எண்ண அவருக்குக் கற்பிக்கவில்லை. தண்டனைக் கோட்பாட்டின் உண்மையான சோதனை இங்கேதான் உள்ளது. துன்புறுவோன் தன் துன்பத்துக்குப் பொருள்காண அது உதவலாம். துன்புறுத்துவோனின் கையைத் தடுக்க அது உதவுகின்றதா என்பதே கேள்வி.

தமிழில் எழுந்த சொற்களும் கருத்துகளும்

1606இல் மதுரை வந்த இறொபேட் தெ நொபிலி (1577–1656), தத்துவ போதகர் என்னும் பெயருடன் கிறித்தவக் கோட்பாட்டைத் தமிழ் உரைநடையில் எழுதினார். 'சர்வேசுரன்' என்னும் சொல்லை வழங்கியவரும், மறுபிறப்புக் கொள்கையை மறுத்து நூலெழுதியவரும் அவரே. இம்மரபில் வந்த கத்தோலிக்க ஞானோபதேசம், கடவுளின் இலக்கணங்களுள் முதலாவதாக அவர் வேறெவராலும் ஆகாது தம்மாலேயே இருப்பவர் என்பதைக் கற்பித்தது. அன்செல்மும் அக்குவினாஸும் பேசிய இன்றியமையா இருப்பு இவ்வாறு சிறுவர் மனனஞ் செய்யும் தமிழ்ப் பாடமாயிற்று.

ஈண்டு ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் வரும் எண்குணத்துக்குப் பொருள்கூறும் பரிமேலழகர் சைவாகமத்தை ஆதாரமாகக் காட்டுவர். அவ்வெட்டனுள்ளும் முதலாவது தன்வயத்தனாதல் ஆகும். பிறிதொன்றைச் சாராது நிற்றலே இறைமையின் முதலிலக்கணம் என்பதில் இரு மரபுக்கும் வேற்றுமையில்லை. இறையிருப்பை நிறுவும் வழியும் பெரிதும் ஒத்தது. மெய்கண்டாரின் சிவஞானபோத முதற் சூத்திரம், அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகு தோன்றி நின்று ஒடுங்குதலால் அதற்கு ஒரு முதல்வன் உண்டென அனுமானிக்கின்றது. இது அக்குவினாஸின் வழிக்கு அணித்தாகவும் அன்செல்மின் வழிக்குச் சேய்த்தாகவும் நிற்பது.

வேற்றுமை எழுவது இதற்கு அடுத்த படியிலாகும். சித்தாந்தத்தின்படி பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. கிறித்தவத்தின்படி கடவுள் ஒருவரே அநாதி; உயிரும் உலகும் இன்மையிலிருந்து படைக்கப்பட்டன. மூன்று பொருள்கள் தோற்றமின்றி உளவாயின் கடவுள் எவ்வாறு சுதந்திரராவார் என்பது கிறித்தவர் தடை. தோற்றமின்மை வேறு, சுதந்திரம் வேறு என்பது சைவர் விடை. உயிர் என்றும் உளதாயினும் தானே அறியவும் தானே செயற்படவும் மாட்டாது. இறைவன் உணர்த்த உணர்வது. ஆதலின் அநாதியாய் இருந்தும் அது பதியைச் சார்ந்தே நிற்கும்.

இவ்விடையின் வலிமையைக் கிறித்தவ மெய்யியலே மறைமுகமாக ஒப்புக்கொண்டமை பலரும் கருதாத செய்தி. உலகின் நித்தியத்துவம் பற்றி அக்குவினாஸ் எழுதிய சிறுநூல், உலகுக்குத் தொடக்கம் உண்டென விசுவாசத்தால் அறிகின்றோம். ஆயினும் தொடக்கமின்றி என்றும் இருக்கும் ஓர் உலகு இறைவனாற் படைக்கப்பட்டதாக, அதாவது இறைவனைச் சார்ந்ததாக இருத்தலில் முரணில்லை என்கின்றது. சார்பு என்பது காலத்தொடக்கத்தைப் பொறுத்ததன்று என்னும் இக்கருத்துச் சித்தாந்திகளுக்கு உவப்பானதே. உயிரின் இருப்புத்தானும் இறைவனிடமிருந்து பெறப்பட்டதா என்பதிலேயே முடிவான வேற்றுமை எஞ்சுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

1795இல் திருகோணமலை பிரித்தானியர் வசமாயிற்று. 1814இல் வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கை வந்தனர். சில ஆண்டுகளுக்குள் திருகோணமலையும் அவர்களது பணித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஜோன் வெஸ்லி (1703–1791) கல்வினின் முன்தெரிவுக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். அருள் யாவர்க்கும் உரியது, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் பொறுப்பு என்றவர். ஆகவே ஒல்லாந்தர் போதித்ததற்கு மாறான கருத்து அதே துறைமுகத்தில் ஒலிக்கத் தொடங்கியது. எனினும் நித்திய நரகம் பற்றிய போதனையில் மெதடிஸ்தரும் தளர்வு காட்டவில்லை. துண்டுப்பிரசுரங்களிலும் சந்தைவெளிப் பிரசங்கங்களிலும் அதுவே முன்னின்றது.

விவாதத்தின் மையம் யாழ்ப்பாணமாக இருந்தது. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யும், 1876இல் தோன்றிய கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவல'னும், 1889இல் தோன்றிய 'இந்துசாதன'மும் அதன் களங்கள். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர் (1822–1879), 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டார். சைவக் கிரியைகள் மீது சாட்டப்பட்ட குற்றங்களை விவிலியத்தின் பலி, ஆலயம், தூபம் ஆகியவற்றை எடுத்துக்காட்டியே மறுத்தமை அந்நூலின் சிறப்பு. நீர்வேலிச் சங்கர பண்டிதர், காசிவாசி செந்திநாதையர் முதலியோரும் கண்டன நூல்கள் இயற்றினர்.

தண்டனை பற்றிய சைவரின் தடையைச் சுருக்கிக் கூறின் இவ்வாறு அமையும். அளவுடைய உயிர் அளவுடைய காலத்திற் செய்த பாவத்துக்கு அளவற்ற தண்டனை நீதியாகாது. திருந்துதற்கு இடமில்லாத தண்டனையால் தண்டிக்கப்படுவோனுக்கும் பயனில்லை. ஒன்றையும் இழத்தலும் பெறுதலும் இல்லாத இறைவனுக்கும் பயனில்லை. சித்தாந்தத்தில் நரகம் உண்டு. அதற்கு முடிவும் உண்டு. தீயவழிச் சென்ற மக்களைப் பெற்றோர் அடித்தும் கட்டியும் திருத்துதல் போன்றதே இறைவனின் சினம் என்று சிவஞான சித்தியார் கூறும். இதனையே மறக்கருணை என்பர். அன்செல்மின் இறைவன் மாண்பிழந்து ஈடுகோருவான். சித்தியாரின் இறைவன் நோய்தீர்க்கக் கசப்பு மருந்தூட்டுவான்.

கிறித்தவரின் எதிர்வினாவும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. வினைப்பயன் விடாது வந்து பற்றுமாயின் மன்னிப்புக்கு இடமெங்கே? முற்பிறப்பில் எதனைச் செய்தோம் என்று அறியாதவன் இப்பிறப்பின் தண்டனையால் எவ்வாறு திருந்துவான்? துன்புறுவோனைக் கண்டு, அவன் முன்செய்த வினை என்று கூறி விலகிச் செல்லுதல் இரக்கத்தை அறுத்துவிடாதா? இவற்றுக்குச் சைவர், வினை தானே இயங்குவதன்று, இறைவனே அதனைக் கூட்டுவிப்பவன், அவனருள் வினையைத் துடைக்கவும் வல்லது என விடையிறுத்தனர். அவ்விடையினால் அருளின் முதன்மையை வற்புறுத்தும் கிறித்தவ நிலைக்கு அவர்கள் அணுக்கமாயினர். அவ்வாறே தண்டனை தந்தையின் சிட்சை என விளக்கிய கிறித்தவரும் மறக்கருணைக்கு அணுக்கமாயினர்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை ஈழத்து வாதிகள் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நித்திய தண்டனை என்பதற்கு முடிவில்லாக் காலம் என்று பொருள்கோடல் தகாதென எழுதிய பிரெடெறிக் டெனிசன் மொரிஸ், 1853இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தார். நாவலரின் நூல் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டிலாகும். 1860இல் வெளியான 'கட்டுரைகளும் மதிப்புரைகளும்' என்னும் தொகுதி பற்றிய வழக்கில், நித்திய தண்டனையை வற்புறுத்தாமை ஆங்கிலத் திருச்சபைக் குருமாருக்குக் குற்றமாகாதென 1864இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. இங்கு ஐயத்துக்கிடமற்ற உண்மையெனப் போதிக்கப்பட்டது, அங்கு கற்றோரிடையே கடுமையான ஐயத்துக்கு உள்ளாகியிருந்தது.

விவாதத்தின் விளைவுகள்

இவ்விவாதங்களால் எவர் வென்றார் என்று கணக்கிடுதல் பயனற்றது. விளைவுகளையே நோக்குதல் தகும். முதலாவதாக, தருக்கத்தைத் தாங்கவல்ல தமிழ் உரைநடை வளர்ந்தது. இரண்டாவதாக, பாடசாலைகள் போட்டியாற் பெருகின. திருகோணமலையில் 1867இல் புனித சூசையப்பர் கல்லூரியும் 1897இல் இந்துக் கல்லூரியும் தோன்றின. மூன்றாவதாக, எழுத்தாளர் தோன்றினர். கத்தோலிக்கரான இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இலும், திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இலும் வெளிவந்தன. கோணேசர் வரலாற்றை எழுதிய வே. அகிலேசபிள்ளையும் (1853–1910) இக்காலத்தவரே. கண்டனம் எழுதுதற்குப் பழகிய மொழி கதை சொல்லவும் வரலாறு எழுதவும் வல்லதாயிற்று.

கோணேசர் ஆலயத்தின் புதைந்த விக்கிரகங்கள் சில 1950இற் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் கடலடியிற் கோயிலின் எச்சங்களைக் கண்டனர். 1963இல் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. இடித்தவரின் கோட்டைக்குள்ளேயே வழிபாடு மீண்டது.

எனினும் பாவமும் தண்டனையும் பற்றிய வினா முடிந்துவிடவில்லை. 1755 நவம்பர் 1ஆம் நாள், சகல புனிதர் திருநாளன்று, லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது அது நகரத்தாரின் பாவத்துக்குரிய தண்டனை என்று போதகர் சிலர் கூறினர். வோல்த்தேர் அதனை வன்மையாகச் சாடினார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலை, மூதூர், கிண்ணியா கரைகளைத் தாக்கியபோதும் அதே பழைய விளக்கம் உலகெங்கும் பல சமயத்தாரின் வாயிலும் கேட்கப்பட்டது. ஒருவர் பாவம் என்றார். மற்றொருவர் வினை என்றார். கரையோரத்துக் குழந்தைகளின் மேல் சாற்றப்பட்ட அவ்விரு சொற்களுக்கும் பெரிய வேற்றுமையில்லை.

ஆயின் அவ்விளக்கத்தை மறுத்தற்கு வேண்டிய கருவிகளும் அவ்வச் சமயத்துள்ளேயே உள. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெண்மர் இறந்தபோது, அவர்கள் ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என இயேசு மறுத்துரைத்ததை லூக்கா சுவிசேஷம் குறிக்கின்றது. மறக்கருணை பேசிய சித்தாந்தமோ தண்டிக்கும் உரிமையைத் தன்வயத்தனாகிய இறைவனுக்கே உரியதாக்கிற்று; பிறர் துயரைக் கண்டு தீர்ப்புக் கூறும் உரிமையை எவர்க்கும் வழங்கவில்லை. தம்மாலேயே இருப்பவன் ஒருவனே என்னும் கொள்கையை இரு மரபும் உண்மையாகவே ஏற்குமாயின், அவன் இடத்திலிருந்து பிறர் பாவத்தைக் கணக்கிடும் துணிவு எம்மதத்தார்க்கும் தகாது என்பதே அதன் நேரிய முடிபாகும். கோயிலை இடித்தோரும், திருமுழுக்கை உத்தியோகத்தோடு பிணைத்தோரும், அடிமைகளைக் கப்பலேற்றியோரும் காணத் தவறிய முடிபு அது. நானூறு ஆண்டுத் துறைமுக வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவேயெனலாம்.